கொசுறு

முப்பத்தொரு வருஷம்
எடைக்கல்லுக்கு முத்திரை அடித்தவன் நான்.
வெல்வெட் பெட்டிக்குள் பித்தளைக் கற்கள்.
விரல் ரேகை பட்டாலும் எடை கூடுமென்று
கைக்குட்டையால்தான் எடுப்பேன்.

கொத்தவால் சாவடியிலிருந்து ஜாம்பஜார் வரை
என் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால்
தராசுகள் ஒழுங்காய் நிமிரும்.
தட்டுக்கடியில் ஒட்டிய புளி,
குடைந்து ஈயம் எடுத்த கல்,
முள்ளைத் தள்ளும் சுண்டுவிரல்,
எல்லாம் தெரியும் எனக்கு.

ராத்திரி வீட்டில் என்னை நிறுப்பேன்.
நாற்பது பக்க நோட்டு:
அதிகாலை ஜெபம், தூங்கி வழிந்தேன், அரை.
வெள்ளி உபவாசம், நாலு மணிக்கு ஒரு டீ, பூஜ்யம்.
தசமபாகம், சரி.
கோபம் என்ற கட்டத்தில் எழுத இடம் போதாது.
எவ்வளவு அடுக்கினாலும்
என் தட்டு மேலேயே ஆடியது.

மகன் ஜெபினையும் அதே நோட்டில் ஏற்றினேன்.
ஒன்பது மணிக்குத் தாழ்ப்பாள்.
ஒன்பது பத்துக்கு வந்தவன்
மொட்டைமாடியில் படுத்தான், ஐப்பசியிலும்.
செல்வராணி ஒன்றும் சொல்லமாட்டாள்.
மறுநாள் ரசத்தில் உப்பு கூடும்.

சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்.
கூவம் நாறும் ஒரு காலை,
அஞ்சலாட்சியின் அரைக் கிலோ கல்லில்
பதினெட்டு கிராம் குறைவு.
தேய்மானம்தான், களவில்லை.
சட்டத்துக்கு இரண்டும் ஒன்று.
அபராதம் எழுதினேன்,
கல்லை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை
வேறெங்கும் சங்கரா இல்லாமல்
அவள் முன்னாலேயே போய் நின்றேன்.
பக்கத்துக் கடைக் கல்லைக் கடன் வாங்கி நிறுத்தாள்.
முள் நடுவில் நின்றது.
குனிந்து பார்த்தேன், பழக்கம்.
அப்புறம் இரண்டு மீனை எடுத்து
என் பைக்குள் போட்டாள்.
லஞ்சமோ என்று பதறி, எதற்கு என்றேன்.
"அளந்தது உனுக்கு, சார். இது எனுக்கு."
ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி
அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ரயில் நிலையப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.
குறைத்தால் பிரிவு உண்டு, தண்டம் உண்டு,
மறுபடியும் குறைத்தால் சிறையும் உண்டு.
கூடக் கொடுத்தவளைப் பிடிக்க
ஒரு வரி இல்லை என் சட்டத்தில்.
முப்பத்தொரு வருஷம் புரட்டிய புத்தகம். இல்லை.

அவள் தராசு ஆணியில் தொங்கியது.
ஆணியில் தொங்கியவரைப் பற்றி
ஞாயிறுதோறும் கேட்டிருக்கிறேன், மின்விசிறிக்கு அடியில்.
நிறுவை அங்கேயே முடிந்தது என்று
யாராவது சொல்லித்தான் இருப்பார்கள்.
நான் காணிக்கைச் சில்லறை எண்ணிக்கொண்டிருந்திருப்பேன்.

இறங்கினேன் என்பதா, செத்தேன் என்பதா?
தட்டில் நின்று நின்று கால் கடுத்த ஒருவன்
அந்தப் படியிலேயே விழுந்து போனான்.
பிணத்துக்கு முத்திரை அடிக்க
எங்கள் துறையில் ஆளில்லை.
எழுந்து நடந்தவன் வேறு யாரோ.
உச்சி வெயிலில் ஊரே வேகும்போது
யாரும் கேட்காமல் கடற்காற்று திரும்புமே,
அப்படி ஒரு மூச்சு அவனுக்குள்.

ஓய்வுபெறும் வரை கள்ளக்கல்லைப் பிடித்தேன்தான்.
பதினெட்டு கிராம் யாரோ ஒருத்தியின் சோறு.
ஜெபம் உண்டு. தூங்கி வழிவதும் உண்டு.
நோட்டுதான் இல்லை.
சில ராத்திரி கை தலையணைக்கடியில் துழாவும்.
துழாவட்டும்.

அன்று பதினொன்றுக்கு வந்தான் ஜெபின்.
மாடிப்படிக்குத் திரும்பியவன்
திறந்த கதவைப் பார்த்து, திருடனோ என்று நின்றான்.
சோறு போட்டேன்.
அவன் பங்குக்கு ஒரு மீன் வைத்தேன்.
இன்னொன்றும் வைத்தேன்.
"இது யாருக்குப்பா?"
"எனுக்கு" என்றேன்,
அஞ்சலாட்சியின் வாயால்.